நாற்பத்தேழு கோடுகள்

கதையாகப் படிப்பவர்கள் கதையாகவே படித்துக்கொள்ளுங்கள். தேதியும் மணியும் எழுதிய நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. 1983, ஆகஸ்ட் 20, சனிக்கிழமை.

மருதை என் அக்காள் சந்திரம்மாளின் வீட்டுக்காரர். காந்தி மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூறுபவர். “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்று அவர் குரல் எழுந்தால் சந்தை இரைச்சல் அடங்கிவிடும். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. குறட்டை, அமைதி, திணறல், மறுபடி குறட்டை. ஜூன் மாதம் மெட்ராஸில் தொண்டையில் துளை போட்டு, ஒரு வெள்ளிக் குழாயை வைத்து அனுப்பினார்கள்.

பகலில் குழாயைத் தக்கையால் மூட வேண்டும். அப்போதுதான் பேச்சு வரும். இரவில் தக்கையை எடுத்துவிட்டால் மூச்சு குழாய் வழியே போய்வரும். தக்கை இல்லாதபோது பேச வேண்டுமானால் விரலால் குழாயை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் காற்றுதான் வரும். குரல் வராது.

ஸ்ரீரங்கத்து டாக்டர் ஒருவர் தொடர்ந்து கவனித்தார். இரவெல்லாம் யாராவது பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். பத்து எண்ணும் வரை மூச்சு வராவிட்டால் நோட்டில் ஒரு கோடு. சனிக்கிழமைதோறும் நோட்டைக் காட்ட வேண்டும். ஒரு வாரம் முழுக்க ஒவ்வோர் இரவும் ஐந்து கோட்டுக்குள் இருந்தால், ஓர் இரவு குழாயை மூடிப் பார்க்கலாம். அதிலும் தேறினால் குழாயை எடுத்துவிடலாம்.

விழித்திருக்க வேண்டியவன் நான். வரகனேரியில் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். பள்ளிக்கூட வாத்தியார்.

குழாயோடு ஏலம் கூற முடியாது. மண்டிக்காரர் வேறொருவனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் முடிவதற்குள் மச்சான் திரும்பாவிட்டால் அந்த இடம் அவனுக்கு.

“எத்தனை கோடு மாப்ள?”

“பதினொண்ணு.”

“என்ன வாத்தியாரே, கண்டவனுக்கெல்லாம் மார்க் போடுறீங்க. அக்கா புருசனை ஃபெயிலாக்குறீங்களே.”

அக்காள் சிரித்தாள். “பாஸ் பண்ணி விடுடா. பென்சில் உன் கையிலதானே இருக்கு.”

நான்கு என்று போட்டேன். மறுநாள் மூன்று. அதற்குப் பிறகு எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. படுத்துத் தூங்கினேன். காலையில் எழுந்து இரண்டோ மூன்றோ போட்டேன். விடைத்தாளில் முப்பத்திரண்டை முப்பத்தைந்தாக்கிப் பழகிய கை.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

“பரவாயில்லையே. இன்னைக்கு ராத்திரி மூடிப் பாருங்க. நீங்க மட்டும் கண்ணசரக் கூடாது சார். மூச்சு நின்னா உடனே தக்கையைப் பிடுங்கிடணும்.”

திரும்பும் பஸ்ஸில் மச்சான் குரலைச் சோதித்துப் பார்த்தார். “ஒரு தரம்...”

“டிக்கெட்டை ஏலம் விட்டுராதீங்கண்ணே” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

இரவு 9.40. தக்கையை நானே அழுத்தி மூடினேன். 10.15க்குக் குறட்டை தொடங்கியது. 11.20க்கு மூச்சு நின்றது. எண்ணினேன். ஏழில் திரும்பி வந்தது. கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்தபோது 11.35.

12.50. திடுக்கிட்டு விழித்தேன். குறட்டை இல்லை. ‘ஸ்ஸ்...’ என்று குழாய்ச் சத்தம். நீல விளக்கில் பார்த்தேன். குழாய் திறந்திருந்தது. அவரே பிடுங்கியிருக்க வேண்டும். எனக்கு உயிர் வந்தது. இன்றாவது ஒழுங்காக எண்ணுவோம் என்று பென்சிலை எடுத்தேன்.

‘ஸ்ஸ்...’ நின்றது. பத்து. ஒரு கோடு.

1.30. தக்கையைத் தேடினேன். தலையணைக்கு அடியில் இல்லை. கட்டிலுக்குக் கீழே இல்லை. அவர் கையிலும் இல்லை.

2.05. குழாய்க்கு முன்னால் பஞ்சைப் பிடித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிடித்தேன். பஞ்சு உள்ளே இழுபட்டது. வெளியே தள்ளப்படவில்லை. மறுபடி உள்ளே... மறுபடி உள்ளே...

மூச்சு உள்ளே மட்டும் போய்க்கொண்டிருந்தது.

2.40. “ஒரு தரம்...”

அவர் குரல்தான். சந்தைக் குரல். குழாய் திறந்திருந்தது. இரண்டு கைகளும் வயிற்றின் மேல் இருந்தன.

“மச்சான்?”

‘ஸ்ஸ்...’

3.25. “ரெண்டு தரம்...”

உதடு அசையவில்லை.

அக்காளைக் கூப்பிட வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. எழ முடியவில்லை. கை மட்டும் அசைந்தது.

கோடு போட்டது.

4.10. கோடு.

4.30. கோடு.

4.55. நின்றது. பத்து... ஐம்பது... நூறு...

5.05க்கு அக்காள் காப்பியோடு வந்தாள். “எந்திரிங்க. பாஸா, ஃபெயிலா?” என்று அவர் தோளைத் தொட்டாள். டம்ளர் கீழே விழுந்தது.

அவர் கையைத் தூக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை. குழாயைப் பார்த்தேன். தக்கை இருந்தது. நான் மூடியபடியே.

டாக்டர் வந்தபோது 7.15. தக்கை விரலுக்கு வரவில்லை. இடுக்கியால் இழுத்தெடுத்தார். பிறகு என்னை மட்டும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

“பன்னெண்டுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு. நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

நோட்டை நீட்டினேன். 12.50 முதல் 4.55 வரை நாற்பத்தேழு கோடுகள். என் கையெழுத்தில் மணிகள். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். முந்தின பக்கங்களையும் பார்த்தார்.

“இதுல பாதி போன வாரம் இருந்திருந்தாக்கூட நான் மூடச் சொல்லியிருக்க மாட்டேன்.”

நோட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வருடமும் திவசத்தன்று அக்காள் கேட்கிறாள்.

“எத்தனை மணி வரைக்கும்டா மூச்சு இருந்துச்சு?”

“நாலு அம்பத்தஞ்சு.”

அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பென்சில் பிடித்த கையை.

“அதுவரைக்கும் நீ ஒருத்தனாவது முழிச்சிருந்தியே, சாமி.”