அவன் நிழலில் நின்றவர்கள்

சென்ற வாரம் கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில், எட்டயபுரம் செல்லும் வண்டிக்காகக் காத்திருந்த வேளையில், தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் புதிய திரைப்படம் ஒன்றின் முன்னோட்டம் ஓடிற்று. நரைத்த தாடியுடைய முதியவர் ஒருவர் மலையுச்சியில் நின்று, "அவன் வருவான்" என்று முழங்கினார். மறுகணமே ஓர் ஊர் எரிந்தது. எரியும் ஊரிலிருந்து ஒரே ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ ஓடினார்கள். கடைக்காரர் தேநீரை ஆற்றியபடியே, "எத்தன படத்துலதான் இந்த ஒத்தப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுவானுவ! அங்கன கெடக்குற மத்த பிள்ளையள யாரு தூக்க?" என்றார். அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். அந்நேரம் பார்த்து அருகில் நின்றவர் பீடி பற்றவைப்பதற்காகத் தீக்குச்சியைக் கிழித்தார்.

நண்பரே, தீக்குச்சி கிழிபடும் அந்த முதல் நொடியில் ஒரு நெடி எழும். மூக்கின் உட்புறத்தைச் சுருக்கென்று தைத்துவிட்டு மறைந்துபோகும். அதற்குப் பிறகு வருவது மெழுகும் மரமும் எரியும் சாதாரண வாசனைதான். பிறருக்கு அந்த முதல் நொடி தெரிவதில்லை. எனக்கு அது மட்டுமே தெரியும். பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெயிலில் போய் நின்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கரிசல் காட்டின் நடுவே ஓட்டுக் கூரையுடன் நின்ற சிறியதொரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் நான் கண்காணியாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் அதைத் தொழிற்சாலை என்று எவரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். அந்தச் சொல்லின் தயவால் நானும் 'ஆபீஸ் வேலை' பார்ப்பவன் என்று உறவினரிடையே பெயர் வாங்கியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அது சிறிய பெருமையன்று.

அங்கே நாற்பது பெண்கள் வரிசையாக அமர்ந்து மருந்தில்லாத வெறுங்குச்சிகளைச் சட்டங்களில் அடுக்குவார்கள். குச்சி நிறைந்த சட்டத்தைக் கட்டை என்போம். கட்டைகள் மருந்து அறைக்குச் சென்று, குச்சிகளின் தலை மருந்தில் தோய்ந்து, காயவைக்கப்பட்டுத் திரும்பும். அடுக்கும் வேலையில் கைக்கு ஓய்வில்லை. காதுக்கோ வேலையே இல்லை. ஆகவே ஞாயிறு பகல் காட்சியில் நான் பார்த்துவரும் படத்தைத் திங்கட்கிழமை கதையாகச் சொல்வது எங்கள் ஆபீஸின் வழக்கமாயிற்று. கதை நடக்கும் நாளில் கட்டைகள் விரைந்து நிறைவதைக் கண்ட முதலாளியும் அதைத் தடுக்கவில்லை.

நூலகத்துப் புத்தகங்களில் கற்ற நடையிலேயே நான் கதை சொல்வேன். "புவியனைத்தும் நடுங்க ஆண்டனன் ஒரு கொடுங்கோலன்" என்று நான் தொடங்கினால் முன்வரிசையிலிருந்து பேச்சியம்மாள், "அண்ணாச்சி, தமிழ்ல சொல்லுங்க" என்பாள். கூடமே குலுங்கும். பேச்சியம்மாள் அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாகக் குச்சி அடுக்கியவள். கணவன் இல்லை. செல்லத்தாய் என்று இருபது வயதில் ஒரே மகள், தாயின் பக்கத்திலேயே அமர்ந்து வேலை செய்தாள். தை மாதத்தில் அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

அக்காலத்தில் நான் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் விதியால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகனின் கதைகளே. அமைப்பு ஒன்றுதான். ஒரு முனிவர் வாக்கு உரைப்பார். நாயகனின் உடலில் ஓர் அடையாளம் இருக்கும். அவன் தன்னை யாரென்று அறியாமல் மாடு மேய்ப்பான். அவன் வெளிப்படுவதற்கு முன் பலர் மாள வேண்டும். முதற் காட்சியில் ஊரார், இடைவேளைக்கு முன் தாய், அதன் பின் கூடவே திரிந்த வேடிக்கைத் தோழன். இத்தனை சாவுகளையும் நான் "அவிய எல்லாம் செத்துப் போனாவ" என்ற ஒரே மூச்சில் தாண்டிவிடுவேன். கேட்பவர்களுக்கும் நாயகன்தான் வேண்டும். அவனருகே நிற்பவனே எப்போதும் முதலில் விழுகிறான் என்பதை அத்தனை படம் பார்த்த எனக்கே தோன்றாமல் போயிற்றா, அல்லது தோன்றியும் சொல்லாமல் இருந்தேனா என்று இன்று பிரித்தறிய இயலவில்லை.

எங்கள் மருந்து அறையில் வேலை செய்தவன் மாடசாமி. நாகலாபுரத்துப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தவன். வயது முப்பதுக்குள் இருக்கும். ஓர் ஐப்பசி மழையில், உழுதுகொண்டிருந்த இடத்தில் இடி விழுந்து அவனுடைய சித்தப்பாவும் இரண்டு மாடுகளும் மாண்டுபோக, நடுவில் நின்ற அவன் மட்டும் பிழைத்தான். வலக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வேர் கிளைத்தாற்போல் ஒரு தழும்பு தங்கிவிட்டது. பிறகு வேறோர் ஆபீஸில் தீப்பிடித்தபோதும் கீறலின்றி வெளியே வந்தவன். இவற்றைப் பற்றி அவன் பேசமாட்டான். கோடையிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டே இருப்பான். பிழைத்ததற்காக வெட்கப்பட்டவனை நான் அவன் ஒருவனைத்தான் கண்டிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை நான் சொன்ன படத்தில், கண்ணற்ற முனிவர் ஒருவர் நாயகனின் கையைத் தடவிப் பார்த்து, "வலக்கையில் மின்னலை உடையவனை நெருப்புத் தொடாது" என்பார். நான் அதைச் சொல்லி முடித்ததும் பேச்சியம்மாளின் கை நின்றது.

"ஏட்டி, நம்ம மாடசாமி கையிலயும் மின்னல்தானட்டி இருக்கு!"

நாற்பது பெண்களும் மருந்து அறையின் வாசலைத் திரும்பிப் பார்த்தனர். தண்ணீர் குடிக்க வந்திருந்த மாடசாமி செம்புடன் அப்படியே நின்றான். கதை சொல்பவனுக்கு அதைவிடப் பெரிய போதை வேறில்லை. நான் எழுந்து நின்று, முனிவரின் குரலிலேயே, படத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்: "அவன் நிழலில் நிற்பவரையும் தொடாது."

மறுநாள் மாடசாமி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வந்தான்.

அதன் பிறகு நிகழ்ந்தவை மெல்ல மெல்ல நிகழ்ந்தன. முன்பெல்லாம் மருந்து அறைக்கு இரண்டாம் ஆளாக எவரையேனும் அனுப்புவது எனக்குப் பெரும்பாடு. இப்போதோ பெண்கள் போட்டியிட்டார்கள். உணவு வேளையில் அவனருகே அமர இடம் பிடித்தார்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி அவன் கையால் திருநீறு பூசிக்கொண்டு போனாள். முதலாளி சிரித்துக்கொண்டே, "நம்ம ஆபீஸுக்கு இன்ஷூரன்ஸே மாடசாமிதான்வே" என்றார். மணல் வாளிகளை வாரந்தோறும் நிரப்புவது தவறிற்று. தண்ணீர்த் தொட்டியில் பாசி படர்ந்தது. கேட்டால் எல்லோரிடமும் ஒரே விடைதான்: "மாடசாமி இருக்கான்லா." சில நாட்களில் அந்த விடையை நானே சொல்லலானேன்.

புரட்டாசி முடியும் தறுவாயில் பேச்சியம்மாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, எம்மவள மருந்து ரூமுக்கு மாத்தி வுடுங்க."

"கலியாணம் ஆகப்போற பிள்ள. அங்கன எதுக்கு?"

"அதுக்குத்தான் கேக்கேன். தை வர ஒரு குறையும் இல்லாம அவ இருக்கணும். இங்கன நாப்பது பேருக்கு நடுவுல இருக்கதவிட அங்கன அவன் பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதி. நீங்கதான சொன்னிய, நெழலுல நின்னாலும் தொடாதுன்னு."

அந்த இடத்தில், அந்தக் கணத்தில், நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதை அவள் கண்ணில் உயிரோடு இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாற்றிவிட்டேன்.

அவ்வாண்டு ஐப்பசி மழை நாள்தோறும் பெய்தது. கரிசல் மண் காலை விடாமல் பற்றிக்கொள்ளும். சைக்கிள் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவிடாது. கட்டைகள் எளிதில் காயவில்லை. வடக்கே செல்ல வேண்டிய சரக்குக்கு லாரி வந்து இரண்டு நாட்களாக வாசலில் நின்றது. காய்ந்த கட்டையை மருந்து அறையில் ஒருபோதும் வைக்கக் கூடாதென்பது எங்கள் தொழிலின் முதல் விதி. காய்ந்த தலையோடு காய்ந்த தலை உரசினால் போதும். ஆயினும் கூடத்தின் கூரை ஒழுகிற்று. ஒழுகாத அறை மருந்து அறை ஒன்றே. "காய்ந்ததையும் அங்கேயே அடுக்குங்கள்" என்று உத்தரவிட்டவன் நான். மாடசாமி ஒருமுறை தயங்கினான்.

"அண்ணாச்சி, இது ரொம்ப இருக்கே. தோள் உயரம் வந்துட்டு."

"ஏலே, நீயே இப்பிடிச் சொன்னா எப்பிடில?"

அவன் மேற்கொண்டு பேசவில்லை. கதையில் வரும் நாயகர்களும் அவ்விடத்தில் பேசுவதில்லை.

மழை விட்டு முதல் வெயில் அடித்த காலை அது. மருந்தில் சேர்க்கும் பசை பின்கட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவர மாடசாமி போனான். செல்லத்தாய் அறையில் தனியாக இருந்தாள். மேல் வரிசைக் கட்டை ஒன்றை அவள் இழுத்திருக்கக்கூடும், அறிந்தவர் எவருமில்லை. பெரிய ஓசை கேட்கவில்லை. ஈரப் பாயை உதறினாற்போல் ஒரு சத்தம், சன்னல் வழியே ஒரு வெள்ளை வெளிச்சம், அதன் பின் அந்த நெடி. நான் ஓடியபோது மணல் வாளியில் மழைநீரும் இரண்டு தவளைகளும் இருந்தன. மாடசாமி பசைச் சட்டியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவன் மீது ஒரு முடிகூடக் கருகவில்லை.

செல்லத்தாய் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாட்கள் இருந்தாள்.

நான் உங்களிடம் சொல்ல அஞ்சுவது அதன் பிறகு நடந்ததைத்தான். அவள் இறந்ததும் அந்த நம்பிக்கை அழியும் என்று எதிர்பார்த்தேன். மாறாக அது வளர்ந்தது. "மூணாவது தடவையும் தப்பிச்சுட்டான், பாத்தியளா?" என்று ஊர் பேசிற்று. கயத்தாறு பக்கத்துப் பட்டாசு ஆலைக்காரர் ஒருவர் அவனைத் தம்மிடம் அனுப்புமாறு ஆள்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அவன் பசை எடுக்கப் போகையில இவளும் பொறத்தாலயே போயிருந்தா பொழச்சிருப்பா அண்ணாச்சி. நாந்தான் பாவி, வேலைய வுட்டுட்டு எந்திரிக்கப்பிடாதுன்னு சொல்லி அனுப்பியிருந்தேன்."

நான் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டேன்.

மறுநாள் மாடசாமி என் வீட்டுக்கு வந்தான். சட்டைக் கையில் பொத்தான் போட்டிருந்தான். உள்ளே அழைத்தும் வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த நெழலுப் பேச்சு படத்துல இருந்ததா, நீங்க சேத்ததா?"

நான் சேர்த்தது என்றால், காய்ந்த கட்டைகளை அங்கே அடுக்கச் சொன்னது யார் என்ற அடுத்த கேள்வியும் எழும். எழாமலும் போயிருக்கலாம். நான் அஞ்சினேன்.

"படத்துல இருந்ததுதாம்ல" என்றேன்.

"அப்பம் நான் வெளிய போனதுதான் தப்பு. என் நெழல எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றான். ஏதோ கணக்கு முடிந்தவனைப் போல் தலையாட்டிவிட்டு நடந்தான். அன்று மாலை கயத்தாற்றில் ஒரு லாரியில் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு. அந்தப் பட்டாசு ஆலைக்கு அவன் போகவில்லை. நாகலாபுரத்துக்கும் திரும்பவில்லை.

நான் அத்துடன் கதை சொல்வதை நிறுத்தினேன். பெண்கள் சில திங்கட்கிழமைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்; பிறகு ஒரு வானொலிப் பெட்டி வந்தது. இரண்டாயிரத்துக்குப் பின் இயந்திரம் மருந்து தோய்க்கலாயிற்று. கையால் அடுக்கும் சிறிய ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எங்கள் ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் இன்று கம்பிவேலியும் விற்பனைக்கு என்ற பலகையும் உள்ளன. நான் படம் பார்த்த கொட்டகை கல்யாண மண்டபமாகி, அதுவும் இடிபட்டது.

பேச்சியம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று, முதுமை வந்த பிறகு, மூன்று முறை அவள் வீட்டுக்குப் போனேன். முதன்முறை அவள் வீட்டில் விருந்தாளிகள் இருந்தனர். இரண்டாம் முறை தனியாக இருந்தாள். பார்வை மங்கியிருந்தும் குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணாச்சியா? காது சும்மாத்தான் கெடக்கு, ஒரு கதை சொல்லுங்களேன்" என்று சிரித்தாள். எல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்தேன். சென்ற புரட்டாசியில், இம்முறை வாய் திறந்தே தீருவது என்ற உறுதியோடு மூன்றாவதாகப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கிற்று. பக்கத்து வீட்டுப் பெண் ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"அவிய போய்ச் சேந்து பதினோரு நாளாச்சே. ஒங்களுக்கு யாருமே சொல்லலியா?"