மூட்டை ஏற்றிக் கேட்பவர்

கண்ணை மூடிக்கொண்டு லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை கியர் கம்பியின் மேல். மறு கையில் ரப்பர் குழாய். அதன் ஒரு முனை காதில், மறுமுனை தரைத்தகட்டின் ஓட்டை வழியாகக் கீழே. "பாட்ட நிறுத்து. மூச்சையும் கொஞ்சம் மெதுவா விடு" என்கிறார். ஓட்டுநர் சிரிக்கிறான். அவர் சிரிப்பதில்லை.

பட்டறைப் பக்கம் அவருக்குக் 'காது' என்றே பெயர். நான்கு சக்கரமும் இழுக்கும் மலைவண்டிகள்தான் அவரிடம் வரும். கொண்டுவருகிறவர்கள் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டியாக வேண்டும். ஒரு பெரிய ஒப்பந்தக்காரர் வாசலில் நின்று "டொக்கு டொக்கு" என்று கத்தியதை, இவரிடம் வேலை பழகும் நானே பார்த்திருக்கிறேன். "திரும்பும்போதா, நேரா போறப்பவா? ரெண்டு சக்கரத்துலயா, நாலையும் போட்டாத்தானா?" என்று துருவுவார் இவர். டாக்டர்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டார்.

அவருக்கு ஒரு பிடிவாதம். காலி வண்டியைக் கேட்கமாட்டார். நாற்பது மணல் மூட்டை ஏற்றச் சொல்வார். முணுமுணுப்பவர்களோடு தானும் சுமப்பார். மூன்று வருடத்துக்கு முன் தம்பியின் வண்டியைக் காலியாகவே ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லடா, போ" என்று அனுப்பினார். பாரம் இல்லாதபோது தேய்ந்த ஜாயிண்ட் வாயே திறக்காது. இறக்கத்தில், முழுச் சுமையோடு, சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் அந்த ஜாயிண்டில் அறுந்து பிரேக் குழாயைக் கிழித்தது. தம்பி போய்ச் சேர்ந்தான். தம்பி மனைவி இவர் வீட்டில்தான் இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று எனக்கே தோன்றும்.

இன்று ஏற்றத்தில் பாதி தூரம் போனதுமே குழாயைக் காதிலிருந்து எடுத்தார். "திருப்பு."

பட்டறைக்கு வந்ததும் சொன்னார்: "பின் ஷாஃப்ட் ஜாயிண்ட் போச்சு. புதுசு வர மூணு நாளாகும். அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்."

ஓட்டுநரின் முகம் தொங்கிப்போனது. "அண்ணே, நாளைக்குக் காலைல பதினாலு பேர ஏத்திக்கிட்டு மேல போகணும். மொதலாளி விடமாட்டாரு."

போன் போட்டான். முதலாளியின் குரல் எனக்கே கேட்டது. "சத்தம்தானே? பாட்டப் போட்டுக்கிட்டு ஓட்டு."

காது வண்டிக்கு அடியில் நுழைந்து, கால் மணி நேரத்தில் பின் ஷாஃப்டைக் கழற்றி வெளியே தள்ளினார். ஓட்டுநர் குனிந்து பார்த்தான்.

"இதுக்கும் வழி வெச்சிருப்பாரு அண்ணே. நாலையும் போட்டா முன்சக்கரம் இழுக்குமேம்பாரு. பின்ன நாந்தான் ஓட்டணும்."

அவர் எழுந்து அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். மறுபடியும் மல்லாந்து படுத்து, இந்தமுறை முன்பக்கமாக உள்ளே போனார். சற்று நேரத்தில் முன் ஷாஃப்டின் முதல் போல்ட் என் காலடிக்கு உருண்டு வந்தது.