கண்ணால் காணாத கையெழுத்து

கையெழுத்துச் சேர்க்கிற வேலையில் கறையானைக்கூடச் சமாளித்துவிடலாம், சேர்க்கிறவனுடைய சந்தேகத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அமெரிக்க உதைபந்தாட்டத்தைத் தோல் தொப்பி போட்டு விளையாடிய காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் கையெழுத்துள்ள படங்களும் அட்டைகளும் ஒரு பந்தும் என்னிடம் இருக்கின்றன. புதுக்குடியிருப்பில் நான் நடத்தும் பிரேம் கடையின் சுவரில் அவற்றைப் பார்க்கலாம். எல்லாம் அசல் என்று தயங்காமல் சொல்வேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எப்படிக் கிடைத்தது என்று எனக்குச் சொல்லப்பட்ட கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. நீங்களும் தபால் முத்திரையோ பழைய காசோ சேர்ப்பவர் என்றால் இந்த வருத்தம் உங்களுக்கும் இருக்கும்.

உதைக்காத உதைபந்து

அருளப்பு முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழில் செய்பவர். ஒரு காலத்தில் ஊர் உதைபந்தாட்ட அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய படத்துக்குப் பிரேம் போட வந்தவர் என் பந்தைக் கண்டுவிட்டார். கையில் எடுத்து அமத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் கூராக இருந்தால் எப்படி உருளும் என்று கேட்டார். இது பெரும்பாலும் உருட்டுகிற பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஆனாலும் அங்கே இதைத்தான் உதைபந்தாட்டம் என்கிறார்கள் என்று விளக்கினேன்.

பந்தைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "எங்கடை ஊரிலை கையிலை பட்டாலே பௌல். அவையள் அதுக்குக் கையெழுத்து வைச்சுக் குடுக்கினம்."

யார் இந்தப் பெரியவர்?

எங்கள் பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் படமொன்று பிரேமுக்குள் தொங்கினால் ஆள் இறந்துவிட்டார் என்றே அர்த்தம். அந்தக் கணக்கில்தான் முத்தையன்கட்டிலிருந்து வந்த அம்மா ஒருவர் நான் சந்தேகப்படும் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். காதுகளை மூடிய தோல் தொப்பியும் ஆட்டத்தில் உடைந்த மூக்குமாக ஆட்டக்காரர் அதில் சிரித்துக்கொண்டிருப்பார். எப்ப மோசம் போனவர் என்று அவா மெதுவாக விசாரித்தா. கனகாலம் என்றேன். தகப்பன் வழியோ தாய் வழியோ என்றா. ஒரு வழியும் இல்லை, அமெரிக்கர் என்றேன். துக்கத்தில் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

போகும்போது தேற்றினா: "மறைக்காதேங்கோ தம்பி, மூக்கைப் பார்க்கத் தெரியுது உங்கடை ஆள்தான் எண்டு."

அன்றுதான் என் மூக்கைக் கண்ணாடியில் கவனமாகப் பார்த்தேன்.

முத்திரை

நான் சமாதான நீதவானும்கூட. விண்ணப்பங்களில் வைக்கும் கையெழுத்தை உறுதிப்படுத்தி முத்திரை குத்துவேன். என் முன்னால் வைக்காத கையெழுத்துக்குக் குத்துவதில்லை. ஒருநாள் ஒருவர் மனைவி வீட்டிலேயே கையெழுத்து வைத்த படிவத்தோடு வந்தார். அவாவைக் கூட்டி வாங்கோ என்றேன். வயலில் நாற்று நடுகிறா, வர ஏலாது என்றார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. காணாமல் எப்படி உறுதிப்படுத்துவது என்று கொஞ்சம் நீளமாகவே புத்தி சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரைக் காட்டினார்: "உந்த வெள்ளைக்காரன் வைக்கேக்கை மட்டும் ஐயா பக்கத்திலை நிண்டனீங்களோ?"

குணம் சொன்ன கதை

நான் நிற்கவில்லை. நின்றவர் என் மச்சான் குணம். பள்ளியில் என்னோடு படித்து, பிறகு என் தங்கையைக் கட்டி அமெரிக்கா போனவர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில் இந்த ஆட்டக்காரரைப் பராமரித்திருக்கிறார். மனுசன் தானாகவே பேனை கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தார் என்று சொல்லித்தான் படத்தை எனக்கு அனுப்பினார். சில வருடங்களின் பின் ஊருக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கிழவரைப் பற்றி இன்னொன்று சொன்னார். கை அப்படி நடுங்குமாம். தேத்தண்ணி குடிப்பதென்றாலும் கோப்பையைக் குணம்தான் பிடிக்க வேண்டுமாம். மற்றவர்கள் பாவம் என்றார்கள். நான் கை கழுவிவிட்டுக் கடைக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன். என் படத்தில் இருக்கும் கையெழுத்தில் ஒரு நடுக்கமும் கிடையாது.

கேட்டிருக்கலாம். ஆனால் தங்கையின் புருஷனிடம் அதைக் கேட்பது, நீ பொய்யன் என்று சொல்வதாக ஆகிவிடாதா? படம் சுவரில் இருந்தது, கேள்வி எனக்குள் இருந்தது. இந்த வருடம் பக்கத்துப் பாடசாலையின் விளையாட்டுக் கண்காட்சிக்கு அந்தப் படத்தைக் கேட்டார்கள். படத்தின் கீழே 'இவரது கையெழுத்து' என்று ஒரு அட்டை வைக்க வேண்டும் என்றார் அதிபர். நான் இழுத்தேன்.

அவர் வழி சொன்னார்: "அதிலை உங்கடை ஒப்பத்தைப் போட்டு முத்திரையும் குத்திவிடுங்கோ, ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

அரிசியில் எழுதிய அகரம்

அந்தக் கிழமை ஒரு இளம் தாய் மகளுக்கு ஏடு தொடக்கிய படத்தைக் கொண்டுவந்தா. தட்டில் அரிசி, தகப்பன் மடியில் பிள்ளை, அதன் விரலைப் பிடித்து அகரம் எழுதும் ஐயர். படத்தின் கீழே 'எங்கள் மகளின் முதல் கையெழுத்து' என்று எழுதித் தரச் சொன்னா. அட்டை யோசனையிலேயே இருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுதியது ஐயர்தானே தங்கச்சி என்றேன்.

அவா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா: "விரல் பிள்ளையின்ரை அண்ணை. ஐயர் பிடிச்சவர், அவ்வளவுதான்."

அவா போன பிறகு ஆட்டக்காரரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். குணம் தானே எழுதியிருப்பார், அல்லது கிழவர் எழுதியிருப்பார் என்று இந்த இரண்டுக்குள்ளேயே இத்தனை காலமும் சுற்றியிருக்கிறேன். குணம் என்ன சொன்னாலும் கண்காட்சி அட்டையில் அதையே எழுதுவேன், அதற்குத்தான் முத்திரை குத்துவேன் என்று தீர்மானித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் அழைத்தேன். மையையும் படத்தாளையும் வருடக்கணக்காகச் சோதித்தவன், ஆளிடம் கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றைக் கடைசியாகத்தான் கேட்டேன்:

"மச்சான், அந்தப் பேனையை அவர் பிடிக்கேக்கை, அவரின்ரை கையைப் பிடிச்சது ஆர்?"