தேவிக்குக் கொடுத்த பன்னிரண்டு ரோஜாக்கள்

இன்றைக்குப் பக்கத்துப் புறநகரான பாட்டனி டவுன்ஸில், கோயிலில் பழக்கமான தேவிக்குப் பிறந்தநாள் விருந்து. நானும் பூங்கொத்தோடு போய் வந்தேன்.

போன மாதம் கோயிலில் நாலு பேருக்கு முன்னால் என்னைக் கேட்டவ இவதான்.

"அக்கா, உங்கட பேத்தி உக்ரைனில ஆரோ கிழவியளுக்குச் சூப் காய்ச்சுறாளாம். இஞ்ச அவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் கிடைக்கேல்லையோ?"

குண்டு விழுந்து வீடிழந்த சனத்துக்குச் சமைத்துப் போடவென்று தானாக விரும்பிப் போனவள் என் பேத்தி ஷாலினி. அன்றைக்குப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்டதை மறக்கவில்லை.

ஷாலினி ஒருநாள் போனில் சொன்னாள்: "அம்மம்மா, இஞ்ச உயிரோட இருக்கிற ஆக்களுக்கு ஒற்றைப்படையிலதான் பூக் குடுப்பினம். இரட்டைப்படை எண்டால் செத்தவீட்டுக்கு."

கடையில் வாங்கிய கொத்தில் பதின்மூன்று ரோஜா இருந்தது. பஸ் ஏறுவதற்கு முன் ஒன்றை உருவி வீட்டில் வைத்துவிட்டேன்.

"ஐயோ அக்கா, எனக்கோ! என்ன வடிவு!" என்று தேவி என்னைக் கட்டிப்பிடித்தா. படமும் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டா.

அதைப் பார்த்த ஷாலினி உடனே அழைத்தாள். "அம்மம்மா! எண்ணாமலே குடுத்தனீங்கள்?"

"எண்ணித்தான் பிள்ளை. ரெண்டு தரம் எண்ணினனான்."

தேவியும் இந்தப் பேஸ்புக் பதிவை வாசிப்பா. தங்கச்சி, மிச்ச ரோஜா என் குசினி ஜன்னலில் தண்ணீருக்குள் நிற்கிறது. ஷாலினியிடம் மன்னிப்புக் கேளும், நானே கொண்டுவந்து தருகிறேன்.

அது வாடுவதற்கு முன் கேட்பாவா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?