மிளகைப் பார்த்த மாலுமி

சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். திருச்சியில் எங்கே பகுத்தறிவுக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் போய் உட்காருகிற ஆள் நான். ஆவி, கீவி என்று யாராவது ஆரம்பித்தால், "எனக்கு ஒண்ணைக் காட்டுய்யா, அப்புறம் பேசு" என்று வாயை அடைத்துவிடுவேன்.

அது ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிராயிங் மாஸ்டராக இருந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒண்டுக் குடித்தனம், புதுக் கல்யாணம். வேலை நிரந்தரமானால் பிழைத்தோம், இல்லையென்றால் இரண்டு பேரும் மாமனார் வீட்டுச் சோறுதான். அந்த நேரத்தில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, சரித்திரப் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினார். போர்ச்சுகலிலிருந்து கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினானே, அந்த மாலுமி கோழிக்கோட்டு ராஜாவின் முன்னால் நிற்கிற படம்.

"இதைப் பெரிசா எழுதிக் கொண்டாங்க சார். அச்சு அசலா இருக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் உங்க ஆர்டர்ல கையெழுத்து" என்றார்.

வீட்டில் சட்டம் அடித்துத் துணி கட்டி வரைந்தேன். தாடி, தொப்பி, ராஜாவின் முத்துமாலை எல்லாம் பிரமாதமாக வந்துவிட்டன, மாலுமியின் கண் மட்டும் பாக்கி. என் மனைவி செல்லம்மா கோயில் வாகனம் செய்கிற தச்சர் வீட்டுப் பெண். அவர்கள் குதிரை செய்தாலும் யானை செய்தாலும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், திறந்தவுடனே அதன் எதிரே கண்ணாடியைப் பிடிப்பார்கள்.

"ஏங்க, செத்த இருங்க, கண்ணாடி கொண்டாரேன். மொதல்ல அது தன்னைத்தான் பாக்கணும். இல்லாட்டி எதைப் பாக்குதோ அதையே தேடிக்கிட்டு நிக்கும்."

"எதுக்கு? தொரை சவரம் பண்ணிக்கப் போறாரா?" என்று கிண்டலடித்துவிட்டு, அவள் எழுந்திருப்பதற்குள் இரண்டு கண்ணையும் எழுதிவிட்டேன். நடுப்பகல். படத்துக்கு நேரெதிரே, ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் அவள் முறத்தில் மிளகு காயப்போட்டிருந்தாள்.

சாயங்காலம் பார்க்கிறேன், மாலுமி ராஜாவைப் பார்க்கவில்லை. முறத்தைப் பார்க்கிறான்!

கை தவறியிருக்கும் என்று திருத்தினேன். மறுநாள் செல்லம்மா மிளகை டப்பாவில் கொட்டிச் சமையற்கட்டில் வைத்தாள், அவன் கண் சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டது. மறுபடி திருத்தினேன், மறுபடி போனது. நம்பினால் நம்புங்கள், செல்லம்மாவுக்கு இதில் துளிப் பயம் இல்லை, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நான் ஒளிச்சு வெக்கிறேன், அவன் சொல்றானான்னு பாப்போம்" என்று என்னை வாசலுக்கு அனுப்பினாள். திரும்பி வந்தால் அவன் மேலே பரணைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏறித் தடவினேன், டப்பா அங்கேதான் இருந்தது.

ஆனால் பயத்தைவிட எனக்கு அழுகைதான் வந்தது. விடிந்தால் ஹெட்மாஸ்டர் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தக் கண்ணோடு போனால் வேலை போச்சு.

"அட, இதுக்கா கலங்கறீங்க? அவன் எங்கே பாக்கணுமோ அங்கே மிளகை வையுங்க, முடிஞ்சுது" என்றாள் செல்லம்மா. மிளகு முழுவதையும் ஒரு மஞ்சள் துணியில் மூட்டையாகக் கட்டினாள். படத்தின் பின்பக்கம், ராஜாவின் தலை இருக்கிற இடத்துக்கு நேராகச் சட்டத்தில் ஓர் ஆணியடித்து அதில் மாட்டினேன். சுத்தியலை வைத்துவிட்டு முன்பக்கம் வந்தால், மாலுமி ராஜாவைப் பரம பக்தியோடு பார்க்கிறான்.

காலையில் குதிரைவண்டி பிடித்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் படத்தைக் கொண்டுபோனேன். ஹெட்மாஸ்டர் புத்தகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ராஜாவை என்ன மரியாதையாப் பாக்கறான் பாருங்க சார்! புத்தகத்துல இந்த உயிர் இல்லையே!" என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். ரிடையராகும் வரை நான் வாங்கிய சம்பளமெல்லாம் அந்த மிளகு போட்ட பிச்சைதான்.

கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கப் படத்தை இறக்கினார்கள். மிளகை வீட்டில் சேர்ப்போம் என்று மூட்டையைக் கழற்றினேன். காற்று மாதிரி லேசாக இருந்தது. கசக்கிப் பார்த்தேன், உள்ளே ஒரு மணிகூட இல்லை. எலி என்று சொல்லலாம், ஆனால் துணியில் ஊசி நுழையும் ஓட்டைகூட இல்லை.

செல்லம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நான் போட்ட முடிச்சில்லீங்க" என்றாள். நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள், அசையவில்லை. அப்புறம் பழையபடி சிரித்தாள். "சரக்கை எடுத்துக்கிட்டவன் துணியைத் திருப்பிக் கட்டி வெச்சுட்டுப் போயிருக்கான் பாருங்க, நல்ல மனுஷன்!" நானும் சேர்ந்து சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது?

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் போனோம். துறைமுகத்தில் ஒரு கப்பலின் கயிற்றைக் கட்டையில் கட்டியிருந்தார்கள். செல்லம்மா நடந்துகொண்டே இருந்தவள் சட்டென்று நின்று என் கையைப் பிடித்தாள். அந்தக் கயிற்றில் இருந்தது அதே முடிச்சு. அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.