மோட்டார் சைக்கிள் நின்ற வீடுகள்

ஏழாவது உதைக்குப் பிறகுதான் கனகசூரியம் செருப்பைக் கழற்றுவார். அதற்கு முன்னர் கழற்றினால் தம்முடைய அவசரம் மோட்டார் சைக்கிளுக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். வெறுங்காலால் இன்னும் நாலு உதை. பிறகு வண்டியை இடப்பக்கம் சரித்துப் பெட்ரோல் அசைகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். பிளக்கைக் கழற்றித் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் இரண்டு தேய் தேய்த்து, ஓர் ஊது ஊதி, மறுபடி பூட்டுவார். இவ்வளவும் நடக்கும்போது வீட்டுக்காரர்கள் வளவுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் உதவிக்கு வரமாட்டார்கள். எங்கே கிளம்பித் தொலைத்துவிடுமோ என்பதுதான் அவர்களுடைய கவலை.

கனகசூரியத்துக்குத் தொழில் கலியாணம் பேசுவது. மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் அவர் பேசி முடித்த சோடிகள் குடியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். ஆகவே பெண்ணைப் பெற்றவர்களுக்கு உள்ள பெரிய பயம், வருகிறவன் நிலைத்து நிற்பானா என்பது. நாலு வருடத்துக்கு முன்னர் வவுணதீவில் ஒரு வீட்டில் பேச்சு முடிந்து புறப்பட்டபோது வண்டி உயிர் பெறவில்லை. அந்த வீட்டு மாப்பிள்ளை அதுவரை எந்த வேலையிலும் ஒரு மாதம் தாண்டாதவர். இன்றுவரை அந்த வளவை விட்டு அசையவில்லை. கடைக்கு அனுப்பினாலும் பாதி வழியில் திரும்பிவிடுகிறாராம். அடுத்ததாக ஏறாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. அந்த மாப்பிள்ளை கலியாணம் முடிந்து ஆறாம் மாதம் கட்டாருக்குப் போனவர், போனவர்தான்.

ஊருக்கு வேறென்ன வேண்டும்? "கனகசூரியத்தார்ட மோட்டச்சைக்கிள் நிண்டா மாப்பிள்ளையும் நிப்பான்" என்ற கதை ஒழுங்கைக்கு ஒழுங்கை பரவிவிட்டது. இப்போது தாய்வழிக் குடி பார்க்கிறார்கள், சாதகக் குறிப்புப் பார்க்கிறார்கள், போட்டோவை வாட்ஸ்அப்பில் பெரிதாக்கிப் பல்லைக்கூடப் பார்க்கிறார்கள். முடிவு மட்டும் வண்டியினுடையது.

பொய் சொல்லக் கூசுகிற மனிதர் இல்லை கனகசூரியம். மாப்பிள்ளையின் வயதில் மூன்றைக் கழிக்காமல் வாய் திறக்கமாட்டார். வழுக்கையை "அகலமான நெத்தி" என்பார். அரை ஏக்கர் வயல் அவருடைய வாயில் கண்ணுக்கெட்டாத ஒரு வட்டையாக விரிந்துவிடும். ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரன். "மனிசரப் பத்திச் சொன்னா மனிசர் விசாரிச்சுக் கண்டுபிடிப்பாங்க. இது வாயில்லாத சாமான். இதுட பேரில பொய் சொல்லக் கூடாது" என்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் பெரியகல்லாற்றுத் தெய்வமணி அக்காவின் வீடு ஆட்டி வைத்தது. தெய்வமணியின் மகள் தக்ஷாயினிக்கு முப்பத்துமூன்று வயது. பாலர் பாடசாலை ஆசிரியை. கனகசூரியம் அவளுக்கு மூன்று சம்பந்தம் கொண்டுபோனார். மூன்று முறையும் வண்டி தொட்டவுடன் கிளம்பியது. மூன்று முறையும் தெய்வமணி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாலாவது, துசாந்தன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். அவரும் தக்ஷாயினியும் ஒரு மாதமாகப் போனில் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. மிச்சம் பெரியவர்கள் பேசி முடிப்பதுதான்.

"மாமா, எனக்கு இவரத்தான் விருப்பம்" என்று தக்ஷாயினி தெருவில் மறித்துச் சொன்னாள். "உங்கட மோட்டச்சைக்கிளுக்கு ஒருக்காச் சொல்லி வைங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. கனகசூரியத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. வளர்ந்த ஒரு பெண், தன் வாழ்க்கைக்காக ஓர் இரும்புச் சாமானிடம் சிபாரிசு கேட்கிறாள்! அடுத்த நாள் காலையிலேயே காத்தான்குடிக்குப் போய் மின்ஹாஜின் கராஜில் வண்டியை நிறுத்தினார்.

"என்ன அண்ணன், ஸ்டார்ட் வருதில்லையா?"

"அதில்ல தம்பி. எப்ப வரும், எப்ப வராது எண்டு எனக்குத் தெரியணும்."

மின்ஹாஜ் பிளக்கை மாற்றிப் பார்த்தார். காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். நாற்பது தரம் உதைத்தார். நாற்பது தரமும் கிளம்பியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நிக்கத்தான் வேணுமெண்டா பெட்ரோல் வாற டெப்ப மூடிட்டு உதைங்களன்" என்றார்.

"அது பொய்" என்றார் கனகசூரியம், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பிறகு மின்ஹாஜ் ஆஸ்பத்திரியில் கேட்கிற மாதிரிக் கேட்கத் தொடங்கினார். நின்ற வீடுகள் எவை? என்ன நேரம்? வெயிலா, நிழலா? "வவுணதீவில எப்பிடி விட்டீங்க?"

"சாப்பிட்டிட்டுத்தான் போகணும் எண்டு மறிச்சாங்க. நல்ல சனம். ஆறுதலா இருப்பமெண்டு ஹேண்டில் லொக்கப் போட்டன்."

"கிளம்பின வீடுகள்ல?"

கனகசூரியம் யோசித்தார். "லொக் போடல்ல. மாப்பிள்ள சரியில்ல எண்டு எனக்கே தெரியும். கெதியா எழும்பிருவன்தானே."

மின்ஹாஜ் ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் மடக்கிப் பூட்டினார். திறந்தார். நேராக்கினார். உதைத்தார். சத்தமே இல்லை. முன் விளக்கைக் கழற்றிப் பார்த்தால், தோல் உரிந்த ஒரு வயர் கழுத்து இரும்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய பொறியை அதுதான் குடித்துக்கொண்டிருந்தது. வண்டி நன்றாகக் குலுங்கினால் விலகும். ஹேண்டிலை மறுபடி மடக்கிப் பூட்டினால் ஒட்டும்.

"யா அல்லாஹ்! மோட்டச்சைக்கிள் ஒண்டும் சொல்லல்ல அண்ணன். நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

கனகசூரியம் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். நின்ற வீடுகள் ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்துபோயின. பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. துசாந்தன் விஷயத்தில் இனிக் கவலை இல்லை, மனமாரப் பூட்டுப் போடலாம் என்று அவர் எழும்பியபோது மின்ஹாஜ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வயர்ல டேப் சுத்திட்டன் அண்ணன். இனி மௌத்தாகி மண்ணுக்குப் போகும் வரைக்கும் நிக்காது."

"ஆருடா உன்னச் சுத்தச் சொன்ன?" என்று கத்தினார் கனகசூரியம். கராஜே திரும்பிப் பார்த்தது. டேப்பை அவிழ்த்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் வேண்டுமென்றே அவிழ்த்தால் அதுவும் பொய்தானே. வண்டியில் ஏறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தெய்வமணியின் வளவில் வண்டியை நிறுத்தி, ஹேண்டிலை மடக்கிப் பூட்டினார். சந்தேகத்தில் திறந்து, இன்னொரு தரம் பூட்டினார். உள்ளே பேச்சு வெண்ணெயாகப் போனது. துசாந்தனின் தாயார் வீட்டைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியோடு முச்சக்கரவண்டியில் போய்விட்டார். தெய்வமணியும் சிரித்த முகத்தோடுதான் இருந்தார். கனகசூரியம் விடைபெற எழுந்ததும் வீட்டுச் சனம் முழுவதும் முற்றத்துக்கு வந்தது. வயதானவர்களுக்குக் கதிரைகூடப் போட்டிருந்தார்கள்.

தமக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டு அவர் உதைத்தார். முதல் உதை. கிளம்பியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அந்த வண்டி வாங்கிய நாளிலும் அவர் கேட்டதில்லை.

தெய்வமணியின் முகம் இருண்டது. "போச்சு."

"அக்கா, இது வயர்ல உள்ள பிழை. போன கிழமைதான் டேப் சுத்தின. கேளுங்க..."

"நல்ல சம்பந்தமெண்டா போன கிழமையெண்டு பாத்து ஏன் தம்பி டேப் சுத்துப்படும்?"

யோசித்துப் பார்த்தால் கனகசூரியத்துக்கே அது நியாயமாகப் பட்டது. தெய்வமணி கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

அப்போது தக்ஷாயினி படியிறங்கி வந்தாள். தாயைக் கடந்து, கதிரைகளைக் கடந்து, நேரே வண்டியிடம் வந்து பூட்டில் தொங்கிய திறப்பைத் திருப்பி உருவினாள். சத்தம் அடங்கியது. கனகசூரியம் வாயைத் திறப்பதற்குள் முற்றத்து மூலையிலிருந்த கிணற்றடிக்குப் போய், கையை நீட்டித் திறப்பை உள்ளே விட்டாள். தண்ணீரில் அது விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"இப்ப உதைங்க மாமா."

கனகசூரியம் அவளைப் பார்த்தார். தெய்வமணியைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏமாற்று என்று ஒருவரும் சொல்லமுடியாதபடி, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து உதைத்தார்.