பக்கத்து வரிசை

மூத்த நர்ஸ் இருபது வருடமாக ரத்தம் எடுப்பவள். மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், ஒரே குத்தில் நரம்பு சிக்கிவிடும். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த புது நர்ஸோ, “தொடலாமா? எந்தக் கையில எடுக்கட்டும்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஆனாலும் கூட்டம் அவளிடம்தான் போனது. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

“ஊசி குத்த மனு போட்டுக் காத்திருக்கணுமாக்கும்!” என்று பொருமினாள்.

கணவனின் அடி தாங்காமல் தாய் வீட்டுக்கே திரும்பிவிட்ட அவள் மகள் இன்று பரிசோதனைக்கு வந்தாள். நேராகப் போய்ப் புதியவளின் வரிசையில் நின்றாள்.

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அவகிட்ட போறியேடி?”

மகள் மணிக்கட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

“நீ கேக்காமப் பிடிப்பேம்மா. அவரும் அப்படித்தான் பிடிப்பாரு.”